எதிரொலி நிறுத்தம்

மொத்தம் இருநூற்றுப் பதினோரு வரி.
அவ்வளவுதான் இந்த நிரல் நூலகம்.
முனையத்திடம் போய்
கொஞ்ச நேரம் வாயை மூடு என்கிறது.
ஒரு கடவுச்சொல்லை வாங்கிக்கொள்கிறது.
இனிப் பேசலாம் என்கிறது.

நட்சத்திரக் குறிகூடப் போடாது.
தோளுக்குப் பின்னால் நிற்பவனுக்கு
எண்ணத் தெரியும்.

கோஷித்செ நகரில் மார்ச் மாதம்,
பனி பாதி உருகிச் சேறான ஓர் இரவு.
டிராம் பணிமனைக்கு எதிரே நான்காம் மாடியில்
இதைப் பொதி கட்ட உட்கார்ந்தேன்.
யாரும் கேட்கவில்லை, கூலியும் இல்லை.
எங்கோ ஒருவர் ‘நிறுவு’ என்று தட்டினால்
சேதமில்லாமல் போய் இறங்கவேண்டும்.

பொதி கட்டுவதில் பாதி, குமாஸ்தா வேலை.
பெயர், பதிப்பு எண், எதன்மேல் சாய்ந்து நிற்கிறது,
யார் எழுதியது, எந்த உரிமத்தில்.
உரிமத்தைக் காணோம்.
எழுதியவர் திபிலீசியில் தெக்லா என்றொருவர்,
கடைசியாகக் கைவைத்து ஆறு வருடம்.
கடிதம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

விவரணை ஒரே வரிக்குள் அடங்கவேண்டும் என்பது விதி.
எங்கள் ஸ்லோவாக்கில் கடவுச்சொல்லுக்கு ‘ஹெஸ்லோ’ என்போம்.
முழக்கத்துக்கும் அதுவேதான் சொல்.
மே தினச் சதுக்கத்தில்
சிவப்புத் துணியில் தூக்கிப் பிடித்ததும் ஹெஸ்லோ,
இப்போது விரல் நுனியால்
யாருக்கும் தெரியாமல் ஒப்பிப்பதும் ஹெஸ்லோ.
ஒரு வரியில் இதற்கு இடமில்லை.

கட்டுமானக் கணினி பொதியைத் திருப்பி அனுப்பியது.
சோதனை தோல்வி: இங்கே முனையம் இல்லை.
வாஸ்தவம்.
அங்கே திரை இல்லை, விசைப்பலகை இல்லை,
எட்டிப் பார்க்க ஒரு தோள் இல்லை.
யாரிடமிருந்து மறைப்பது என்று தெரியாமல்
திகைத்து நின்றுவிட்டது சோதனை.
பொய்யாக ஒரு முனையம் செய்து கொடுத்தேன்.
பொய்க்கு முன்னால் மெய்யாகவே மௌனம் காத்தது.

ஒன்றரை மணிக்குக் கையால் சோதித்தேன்.
கடவுச்சொல் கேட்ட நேரம் பார்த்து
நடுவில் வெட்டினேன்.
நிரல் செத்தது.
சாகும் அவசரத்தில்
எதிரொலியைத் திருப்பித் தர மறந்துவிட்டது.

சுட்டி சிமிட்டுகிறது.
தட்டுவது எதுவும் திரையில் விழவில்லை.
குருட்டாம்போக்கில் தட்டினாலும் போதும்,
முனையத்துக்குப் புத்தி தெளியும் கட்டளை ஒன்று உண்டு,
எனக்குத் தெரியும்.
தட்டவில்லை.

பக்கத்து அறையில் ராடோவான் தூங்குகிறான்.
பிராட்டிஸ்லாவாவில் வீடு பார்த்துவிட்டான்,
பால்கனியை அளந்துகூட வந்துவிட்டான்.

*ராடோவான் அந்த வேலை வேண்டாமென்று
எழுதிக் கொடுத்துப் பதினொரு நாள் ஆகிறது
நான் வரவில்லை*

எல்லாம் தட்டினேன், எழுத்துப்பிழை பார்க்காமல்.
திரை கருப்பாகவே இருந்தது.
அனிச்சையாக உள்ளிடு விசை.

முனையம் பதில் சொன்னது,
முதல் சொல்லை மட்டும் வெளிச்சத்தில் போட்டு:
*ராடோவான்: அப்படியொரு கட்டளை இல்லை.*

அரை நிமிடம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ஒன்பது வரியில் ஓர் ஒட்டு.
எப்படி வேண்டுமானாலும் சா,
எவன் வெட்டியும் சா,
எதிரொலியைக் கொடுத்துவிட்டுச் சா.

விடிகிற நேரம் தெக்லாவின் பதில் வந்திருந்தது.
‘இதை நானா எழுதினேன்! உரிமம் சேர்த்துவிட்டேன்.
அந்தப் பிழை தெரியும்.
ஒவ்வொரு தடவையும்
சாளரத்தையே மூடிவிடுவேன்.’

மாற்றக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்:
இடையில் நின்றாலும் எதிரொலி திரும்பும்.

பொதிக்குக் கையொப்பம் இடவேண்டும்.
என் சாவிக்கு நீளமான கடவுச்சொல்.
காப்பிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்ற ராடோவான்
நான் தட்டத் தொடங்கியதும்
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.
நாகரிகம் தெரிந்தவன்.
கீழே முதல் டிராம் வளைவில் கிரீச்சிட்டது.

கையொப்பம் விழுந்தது.
‘ஆச்சா?’ என்றான் ஜன்னலைப் பார்த்தபடியே.

‘இந்தப் பக்கம் திரும்பு’ என்றேன்.